உஷார்! கோட்டிங் போட்ட வண்டியைக் கழுவும் தண்ணீரே கெடுக்கிறது

கொல்கத்தாவில் கார் வைத்திருக்கிறீர்களா? 20,000, 30,000 ரூபாய் கொடுத்து அதற்கு செராமிக் கோட்டிங் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் நாளை விடிகாலையில் கீழே இறங்கிப் போய், உங்கள் வண்டியை யார், எந்தத் தண்ணீரில், எந்தத் துணியால் துடைக்கிறார்கள் என்று நின்று பாருங்கள். தள்ளிப்போட வேண்டாம். கோட்டிங் போட்ட வண்டிக்கு வருகிற கேட்டில் பெரும்பகுதி சாலையில் வருவதில்லை. நிறுத்திய இடத்தில், கழுவும்போதும் துடைக்கும்போதும்தான் வருகிறது. இந்த ஊரின் தண்ணீர் அந்த ஆபத்தை இன்னும் கூட்டுகிறது.

கொல்கத்தா மாநகராட்சித் தண்ணீர் இரண்டு வகை. பராக்பூர் பக்கம் பல்தாவில் ஹூக்ளி நீரைச் சுத்திகரித்து, டாலா மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி, நகரத்துக்கு அனுப்புகிற குடிநீர் ஒன்று. மல்லிக் காட், வாட்கஞ்ச் நீரேற்று நிலையங்களிலிருந்து சுத்திகரிக்காமல் தனிக் குழாயில் வருகிற ஆற்று நீர் இன்னொன்று. தெருவைக் கழுவி விடுவதற்கென்று பிரிட்டிஷ் காலத்தில் செய்த ஏற்பாடு இது. பழைய நகரத்தின் பல தெருக்களில் இன்றைக்கும் காலையில் நடைபாதை ஓரத்துக் குழாயில் இந்தத் தண்ணீர் பொங்கி வழிந்து ஓடும். டாக்சிக்காரர்களும் கார் துடைக்கிறவர்களும் வாளியை அங்கேதான் வைப்பார்கள். காசில்லாத தண்ணீர், கையெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்த வாளியை அரை மணி நேரம் அசைக்காமல் வைத்துவிட்டு, மேல்நீரை மெதுவாகக் கொட்டிப் பாருங்கள். அடியில் பழுப்பாக ஒரு படிவு தங்கியிருக்கும். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேயுங்கள். முதலில் மாவு மாதிரி வழுக்கும். அப்புறம் நறநறவென்று உறுத்தும். வெயிலில் காட்டினால் பொடிப்பொடியாக மின்னும். அது அபிரகம். உறுத்துவது குவார்ட்ஸ் மணல். இமயமலையிலிருந்து ஆறு அரைத்துக் கொண்டுவந்து சேர்த்தது. அதை ஈரத்துணியில் ஏந்தி உங்கள் பானெட்டில் தினமும் வட்டம் வட்டமாகத் தேய்க்கிறார்கள்.

"ஒன்பது எச் கோட்டிங் ஆயிற்றே, கீறல் விழாது என்றார்களே" என்று கேட்பீர்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அந்த 9எச் என்பது பென்சில் கணக்கு. பெயின்ட் தொழிலில் பழைய சோதனை ஒன்று உண்டு. 6பி முதல் 9எச் வரை கடினம் கூடிக்கொண்டே போகும் பென்சில்களை ஒவ்வொன்றாக, குறிப்பிட்ட கோணத்தில், குறிப்பிட்ட அழுத்தத்தில் பூச்சின் மேல் தள்ளிப் பார்ப்பார்கள். எந்தப் பென்சில்வரை கீறல் விழவில்லையோ அதுதான் அந்தப் பூச்சின் மதிப்பு. ஆக, 9எச் என்றால் கடினமான பென்சில் முனைக்குத் தாங்கும் என்று அர்த்தம், அவ்வளவுதான். கனிமங்களின் கடினத்தைச் சொல்ல மோஸ் அளவுகோல் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் வைரம் 10, குவார்ட்ஸ் 7. இரண்டு அளவுகோலுக்கும் சம்பந்தமே கிடையாது. பென்சில் முனையைவிட மணல் துகள் எவ்வளவோ கடினம். விற்கிற இடத்தில் இதை யாரும் பிரித்துச் சொல்வதில்லை. வைரத்துக்கு அடுத்த படி என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். இது எனக்குக் கோபம் வரவழைக்கிற விஷயம்.

தடிமனையும் தெரிந்துகொள்ளுங்கள். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். கம்பெனியில் அடித்த பெயின்டின் மேலே இருக்கும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான். அதற்கும் மேலே சிலிக்காவை அடிப்படையாகக் கொண்டு நீங்கள் போட்டிருக்கும் கோட்டிங் ஒன்று, இரண்டு மைக்ரான். பலதில் அதுகூட இருக்காது. இந்த மெல்லிய படலம் செய்யும் நன்மைகள் உண்மையானவை. தண்ணீர் ஒட்டாது, அழுக்கு எளிதில் விடும், வெயிலும் ரசாயனமும் பெயின்டை நேரடியாகத் தாக்காது. மணலைத் தடுக்கும் கவசம் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

அடுத்து துணி. இந்த ஊரில் கார் துடைக்கிறவர் கையில் இருப்பது பெரும்பாலும் கம்சா. சிவப்புக் கட்டம் போட்ட, மெல்லிய, முரட்டு நூல் துண்டு. உடம்பு துடைக்க அருமையானது; நொடியில் காய்ந்துவிடும். வண்டிக்கு ஆகவே ஆகாது. அதன் நெசவில் மண்ணை உள்ளே வாங்கி ஒளித்துக்கொள்ளும் குஞ்சம் இல்லை. பிடித்த மண் முழுதும் துணியின் பரப்பிலேயே நிற்கும். ஒரே வாளியில் அதை முக்கிப் பிழிந்து பிழிந்து பத்து வண்டி துடைக்கிறார்கள். ஏழாவது வண்டி உங்களுடையது என்றால், மற்ற ஆறு வண்டிகளின் பிரேக் தூள், தார், தெருப்புழுதி எல்லாம் உங்கள் பெயின்டில்தான் தேய்படும். ஈரத்துணிக்கு முன்னால் இறகுக் கட்டையாலோ மஞ்சள் டஸ்டராலோ காய்ந்த தூசியைத் தட்டுகிறார்களே, அது இன்னும் மோசம். காய்ந்த தூசியின் மேல் எதையும் இழுக்கக் கூடாது. எதையும்.

விளைவை இன்று இரவே பார்த்துவிடலாம். செல்போன் டார்ச்சை பானெட்டுக்கு ஓரடி உயரத்தில் பிடியுங்கள். வெளிச்சப் புள்ளியைச் சுற்றி சிலந்தி வலை போல நுண்ணிய வளையக் கோடுகள் தெரிந்தால், சேதம் தொடங்கிவிட்டது. கறுப்பு, கருநீலம், மெரூன் வண்டிகளில் பளிச்சென்று தெரியும். வெள்ளையில் கண்ணுக்குப் படாது, ஆனால் இருக்கும்.

காரைத் துடைக்கிறவரிடம் சொல்லிப் பார்த்தால், "கிச்சு ஹோபே நா, தாதா" என்பார். ஒன்றும் ஆகாது அண்ணே. மனதார நம்பித்தான் சொல்கிறார். அவரை நிறுத்திவிடாதீர்கள். மாதச் சம்பளத்தை அப்படியே கொடுங்கள். கண்ணாடிகள், சக்கரங்கள், உள்ளே மேட், டேஷ்போர்டு, இவை அவர் வேலை. பெயின்டை மட்டும் தொட வேண்டாம் என்று முடிவாகச் சொல்லுங்கள். அவர் வருமானமும் குறையாது, வண்டியும் பிழைக்கும். தினமும் துடைத்தால்தான் சுத்தம் என்ற பழக்கத்தை நாம்தான் முதலில் விடவேண்டும். கோட்டிங் போட்ட வண்டிக்கு வாரம் ஒருமுறை, அல்லது பத்து நாளைக்கு ஒருமுறை முறையான குளியல் போதும். நடுவில் தூசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆற்று நீர் வேண்டாம், எங்கள் அபார்ட்மென்ட்டில் போர் தண்ணீர் இருக்கிறது என்கிறீர்களா? அங்கே வேறு விதமான ஆபத்து. கரியா, ஜாதவ்பூர், டாலிகஞ்ச், பைபாஸ் ஓரத்துக் குடியிருப்புகள் பலவற்றில் ஆழ்குழாய்த் தண்ணீர்தான். உப்பும் சுண்ணமும் இரும்பும் கலந்தது. பாத்ரூம் குழாயில் வெள்ளையாகவும் டைல்ஸில் மஞ்சளாகவும் படிந்திருக்கிறதே, அதுதான் வண்டியிலும் படியும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கரைந்த உப்புகளை லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை நல்லது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000வரை அனுமதிக்கிறது. 500 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் வண்டியின் மேலேயே காய்ந்தால் அரை கிராம் உப்பு அங்கேயே நின்றுவிடும். வாரம் ஒருமுறை என்றால் வருடத்துக்கு 26 கிராம்.

கோட்டிங் இல்லாத வண்டியில் தண்ணீர் பரந்து காயும். கறை மெலிதாகப் படரும். கோட்டிங் உள்ள வண்டியில் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். பார்க்க அழகு, படம் எடுத்துப் போடுகிறோம். ஆனால் ஒவ்வொரு முத்தும் காயும்போது அதிலிருக்கும் உப்பு முழுவதும் ஒரு சிறு வட்டத்துக்குள் குவிகிறது. வெயிலில் சூடேறிய பானெட்டில் அது கோட்டிங்கோடு இறுகி, நாளடைவில் அரித்து, வட்ட வட்டமாகத் தழும்பு விட்டுவிடும். தண்ணீர் ஒட்டாத கோட்டிங் என்பதால் துடைக்காமல் விடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கோட்டிங் இருக்கிறது என்பதாலேயே உடனே துடைத்தாக வேண்டும்.

ஆர்ஓ மெஷின் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்காமல் வண்டி கழுவலாம் என்று அபார்ட்மென்ட் கூட்டங்களில் சொல்வார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தத் தண்ணீரில்தான். சாதாரணக் குழாய்த் தண்ணீரைவிட உப்பு மிகுந்தது. தரை கழுவுங்கள், டாய்லெட்டில் ஊற்றுங்கள், கோட்டிங் போட்ட வண்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதற்குப் பதிலாக, இந்த ஊரின் புழுக்கம் நமக்கு இலவசமாகத் தருவது ஒன்று இருக்கிறது: ஏசி தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது என்பதால் அதில் உப்பு மிகக் குறைவு. இரவெல்லாம் ஓடும் ஏசியின் குழாய்க்கடியில் சுத்தமான பக்கெட் வையுங்கள். துணியில் வடிகட்டி, கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், ஏசி தண்ணீர் மூன்றிலும் முக்கிப் பார்த்தால் எண்ணே பேசிவிடும்.

வாளியில் எதைக் கலக்கிறீர்கள்? துணி துவைக்கும் பவுடர் வேண்டவே வேண்டாம். காரம் அதிகம், கரையாத துகளும் நிற்கும். பாத்திரம் தேய்க்கும் ஜெல் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கப் பிறந்தது. தொடர்ந்து போட்டால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் வெளிறும். பளபளப்புக்கு மண்ணெண்ணெய், டீசல் தொட்டுத் துடைக்கும் வழக்கம் பழைய டிரைவர்களிடம் இன்னும் இருக்கிறது. அது விடுகிற எண்ணெய்ப் படலம் கோட்டிங்கை மூடி, புழுதியை இழுத்து ஒட்ட வைக்கும். பிஹெச் நியூட்ரல் என்று எழுதிய, மெழுகு கலக்காத கார் ஷாம்புவை மட்டும் வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விடப் பயங்கரம் ஆசிட். உப்புக் கறை போகவில்லை என்றதும் பாத்ரூம் ஆசிட்டில் தண்ணீர் கலந்து துடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். குரோமும் அலுமினியமும் அரிபடும், பெயின்டும் கெடும், கண்ணும் நுரையீரலும் போகும். கண்ணாடிக் கறை நீக்கி என்று பேரில்லாத பாட்டிலில் விற்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கக்கூடும். அது கண்ணாடியையே கரைப்பது. சிலிக்கா கோட்டிங் எந்த மூலைக்கு? தோலில் பட்டால் முதலில் எரிச்சல்கூடத் தெரியாமல் உள்ளே இறங்கி எலும்புவரை கெடுக்கும். லேபிள் இல்லாத பாட்டிலை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். புதுக் கறை என்றால் வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் சமமாகக் கலந்து, நிழலில், ஆறிய பாடியில், அதில் நனைத்த துணியை ஒரு நிமிடம் போட்டு எடுத்து, ஷாம்பு போட்டு அலசிவிடுங்கள். அதற்கும் போகாத கறை உள்ளே அரித்த கறை. அதைத் தேய்க்கத் தேய்க்க நஷ்டம்தான்.

சரி, எப்படிக் கழுவுவது? வெயில் ஏறுமுன், நிழலில். பானெட்டில் உள்ளங்கையை வையுங்கள். சூடு தெரிந்தால் காத்திருங்கள். சக்கரங்களை முதலில், தனி வாளி, தனித் துணியில் முடித்துவிடுங்கள். பிறகு வண்டி முழுவதையும் வெறும் தண்ணீரில் மேலிருந்து கீழாக அலசுங்கள். மண்ணில் பெரும்பங்கு கை படாமலே இறங்கிவிட வேண்டும். இந்தப் படியில் நேரம் செலவழிக்காதவர்கள்தான் வண்டியைக் கீறிக்கொள்கிறார்கள். ஷாம்புவுக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புவில் நனைத்து, அழுத்தாமல், நேர்கோட்டில் இழுங்கள். ஒரு பகுதி முடிந்ததும் அலசும் வாளியில் கசக்கி மண்ணை விடுவித்துவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு. கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி என்று இறங்கி, சேறு அதிகமான கீழ்ப்பாதியைக் கடைசியில் தொடுங்கள். துணி தரையில் விழுந்தால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது. உதறிவிட்டு எடுக்காதீர்கள்.

கடைசி அலசலில் ஹோஸ் முனையைக் கழற்றிவிட்டு, தண்ணீரைக் கூரையிலிருந்து மெதுவாக வழிய விட்டால் முத்துகளெல்லாம் சேர்ந்து ஒரே விரிப்பாக வழுக்கி ஓடிவிடும். மிச்சத்தைக் கனமான மைக்ரோஃபைபர் டவலை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள். அந்தத் துணிகளை வீட்டுத் துணியோடு துவைக்கக் கூடாது; கம்ஃபர்ட் போன்ற மணத் திரவம் ஊற்றினால் இழையின் உறிஞ்சும் தன்மை போய்விடும். ஈரம் காயாத வண்டிக்குக் கவர் போடாதீர்கள். தூசி படிந்த வண்டிக்கும் போடாதீர்கள்; காற்றில் கவர் அசைந்து தூசியைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

பிரஷர் வாஷர் வாங்கியவர்களுக்கு இரட்டை எச்சரிக்கை. அகல நாசில் போட்டு, ஓரடிக்குக் குறையாத தூரத்தில் அடியுங்கள். அதைவிட முக்கியம் கரண்ட். தரைதளத்துக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து, ஈரத்தில் போட்டுவிட்டு, வெறுங்காலோடு நிற்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். வயிறு கலங்குகிறது. 2025 செப்டம்பர் 23 அன்று இந்நகரம் ஒரே நாளில் 250 மில்லிமீட்டருக்கு மேல் மழை வாங்கி மூழ்கியபோது, தேங்கிய தண்ணீரில் கரண்ட் பாய்ந்து உயிர்கள் போனதை மறந்துவிடாதீர்கள். எர்த் உள்ள பிளக், கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி (வேலை செய்கிறதா என்று பார்த்து), காலில் ரப்பர் செருப்பு, தரையை விட்டு உயர்த்தி வைத்த இணைப்பு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு வாளியும் குவளையும் போதும்.

இந்த ஊரின் பருவத்துக்கும் உஷாராக இருக்க வேண்டும். கோட்டிங் போட்ட முதல் ஒன்றிரண்டு நாள் தண்ணீரே படக்கூடாது. முதல் வாரம் ஷாம்பு கூடாது. துர்கா பூஜைக்கு வண்டி மினுங்க வேண்டும் என்று செப்டம்பரில் வரிசை கட்டுகிறார்கள். அக்டோபர் பாதிவரை மழை விடாத ஊர் இது. மூடிய இடத்தில் இரண்டு நாள் வண்டியை வைத்துக்கொள்ளாத கடையில் மழைக்காலத்தில் கோட்டிங் போடவே வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் கால்பைசாகிப் புயல்காற்று அடித்தால் முதலில் புழுதி, பின்னாலேயே மழை. வண்டி மேல் சேறு பூசிவிட்டுப் போகும். மழைதான் கழுவிவிட்டதே என்று துணியால் துடைத்துவிடாதீர்கள், அலசிவிட்டுத் துடையுங்கள். காளி பூஜைக்கு மறுநாள் பட்டாசுச் சாம்பலும் பனி ஈரமும் சேர்ந்து படிந்திருக்கும். அதற்கும் இதே முறைதான். லேக் மார்க்கெட், சதர்ன் அவென்யூ பக்கம் மரத்தடியில் நிறுத்துகிற நம் தமிழர்கள் காக்கை எச்சத்தை மாலைவரை விட்டுவைக்கக் கூடாது. வெயிலில் சில மணி நேரத்தில் அரித்துவிடும். சுரண்டாமல், ஈரத்துணியை ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து எடுங்கள்.

செப்டம்பர் 17 வாக்கில் விஸ்வகர்மா பூஜை, அடுத்து நம் ஆயுதபூஜை. இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் வண்டிக்கு இரண்டு பூஜையும் உண்டு. சந்தனம், குங்குமத்தை பானெட்டில் அப்பாமல் நம்பர் பிளேட்டிலோ கண்ணாடியிலோ வையுங்கள். மஞ்சளும் குங்குமமும் வெள்ளை வண்டியில் சாயம் விடும். காய்ந்த சந்தனத்தைத் தேய்த்து எடுப்பதும் கீறல்தான். மாலையையும் வாழைக்கன்றையும் டேப் போட்டு பெயின்டில் ஒட்டாதீர்கள்.

கடைசியாக, விற்பனைக்காரர்களிடமும் உஷார். ஆறு மாதத்தில் தண்ணீர் முத்தாக நிற்கவில்லை என்று கொண்டுபோனால், கோட்டிங் போய்விட்டது, பாலிஷ் அடித்து மறுபடி போட வேண்டும் என்பார்கள். பெரும்பாலும் கோட்டிங் போயிருக்காது. டீசல் புகை, தார், உப்பு, பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத்தூள் எல்லாம் சேர்ந்து அதை மூடியிருக்கும். வீட்டிலேயே ஒரு கதவை மட்டும் நன்றாக ஷாம்பு போட்டுக் கழுவி, இரும்புத்தூள் நீக்கியைத் தெளித்து, ஊதாவாக நிறம் மாறியதும் காயவிடாமல் அலசிப் பாருங்கள். முத்து திரும்பி வந்தால் கோட்டிங் உயிரோடு இருக்கிறது. பாலிஷ் மெஷின் ஏறினால் இருக்கிற கோட்டிங்கும் போகும், கிளியர் கோட்டிலும் சில மைக்ரான் போகும். அதைத் திருப்பிப் பெற வழியில்லை. எனவே பாலிஷ் என்று யார் சொன்னாலும், பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியை உங்கள் கண்ணெதிரே ஒவ்வொரு பகுதியிலும் வைத்து, அளவை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்கத் தயங்கும் கடையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.